மீன் தொட்டியில் வீட்டுச்செடி வைக்கலாமா?

கடந்த சில திங்களாக நமக்கு வந்துசேரும் மடல்களில் ஒரே வினா வெவ்வேறு கையெழுத்துகளில் திரும்பத் திரும்ப வருகின்றது. அவற்றுள் ஒரு தாயார் எழுதிய மடல் சுருக்கமானது. ஆயினும் செய்தி முழுவதும் அதில் அடங்கியிருக்கின்றது. மகனுடைய பிறந்தநாளுக்குக் கண்ணாடித் தொட்டி ஒன்றும் தங்கமீன்கள் ஆறும் வாங்கினார்களாம். தொட்டி வெறிச்சென்று இருக்கின்றதே என்று, அதே கடையில் வெள்ளைக் கோடோடிய பச்சைச் செடி ஒன்றையும் வாங்கி வந்து மணலில் ஊன்றினார்களாம். மூன்றாம் வாரத்தில் செடியின் தண்டு குழைந்தது. நீர் கலங்கி வாடை வீசியது. இரண்டு மீன்கள் மடிந்தன. ‘செடியின் நஞ்சுதான் மீனைக் கொன்றது’ என்கிறார் மைத்துனர். ‘அந்தச் செடியைத் தூக்கி எறிந்துவிட்டு, மணி பிளாண்ட் கொடியொன்றை வேர் மட்டும் நனையும்படி வை, தண்ணீர் தெளிவாக இருக்கும்’ என்கிறார் அண்டை வீட்டு அக்காள். பையனோ பள்ளி விட்டு வந்ததும் தொட்டியருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எஞ்சிய நான்கையும் எண்ணிக்கொண்டு அமர்ந்துவிடுகிறானாம். யார் சொல்வதைக் கேட்பது என்று தாயார் வினவுகின்றார்.

அண்டை வீட்டு அக்காள் சொல்வதைக் கேட்கலாம். மைத்துனர் சொல்வது இந்தச் செடியைப் பொறுத்தவரையில் பொருந்தாது. ஆயினும் அதைச் சிரித்துத் தள்ளிவிடவும் முடியாது; செடியின் நஞ்சால் மீன் மடிவது உலகில் உள்ளதே. அதைப் பிறகு சொல்வோம். முதலில், இரண்டு மீன்கள் ஏன் மடிந்தன என்று பார்த்துவிடுவோம்.

வெள்ளைக் கோடோடிய அச்செடி, அவர் வருணிப்பதைக் கொண்டு நோக்கினால், டிரசீனா இனத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். ‘லக்கி பாம்பூ’ என்ற பெயரில் கண்ணாடிக் குவளையில் விற்கப்படுவதும் இதே இனந்தான். அது மூங்கிலும் அன்று, அதிர்ஷ்டத்திற்கும் அதற்கும் தொடர்பும் இல்லை. ஆப்பிரிக்காவில் மண்ணில் வளரும் செடி அது. நீருக்குள் முழுதாக மூழ்கி வாழ அதற்கு இயலாது. ஆயினும் மீன்கடைகளில் நீர்ச்செடிகளோடு சேர்த்து இதுவும் விற்பனையாகின்றது. சிங்கோனியம், பிட்டோனியா, புல்லைப்போல் கொத்தாக நிற்கும் மாண்டோ புல், ஊதா நிற இலை கொண்ட ஹெமிகிராபிஸ் ஆகியனவும் இவ்வாறே நீர்ச்செடிகள் என்று விற்கப்படும் நிலச்செடிகள். வாங்கியவுடன் அழகாக இருக்கும். ஓரிரு வாரம் வரையில் வாடாமலும் இருக்கும். அதனால்தான் வாங்குவோர் ஏமாறுகின்றனர்.

அந்த ஓரிரு வாரமும் செடி வாழவில்லை. தன் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்திருந்த மாவுப்பொருளை உண்டு நாளைக் கடத்துகின்றது, அவ்வளவே. நிலச்செடி தன் இலையிலுள்ள நுண்துளைகளின் வழியாகக் காற்றிலுள்ள கரியமிலவாயுவை வாங்கி, ஒளியின் துணையால் உணவு சமைக்கின்றது. அந்த வாயு காற்றில் பரவும் விரைவைவிட நீரில் பரவும் விரைவு ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. போதாக்குறைக்கு, வெயிலில் உலர்ந்துவிடாதபடி இயற்கை அந்த இலைக்கு மெழுகுப் பூச்சு ஒன்றும் பூசியிருக்கின்றது. நிலத்தில் அப்பூச்சு காப்பு. நீருக்குள் அதுவே தடை. வாயிலும் அடைபட்டு, சுவரும் தடித்துப்போனால் உள்ளே இருப்பவன் பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

உண்மையான நீர்ச்செடிகள் வேறு விதமாக அமைந்தவை. ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா போன்றவற்றின் இலை மெல்லிய காகிதம்போல் இருக்கும். மெழுகுப் பூச்சு இல்லையென்றே சொல்லலாம். நீரில் கரைந்துள்ள வாயுவை இலைப்பரப்பு முழுவதாலும் உறிஞ்சிக்கொள்ளும். உடலுக்குள் காற்று ஓடக் குழாய்களும் உண்டு. தாமரைத் தண்டை ஒடித்துப் பார்த்திருப்போர்க்கு அந்தக் குழாய்களைப் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. குளத்துச் சேற்றில் புதைந்திருக்கும் கிழங்குக்குக் காற்று அவ்வழியாகவே இறங்குகின்றது. ஒரு செடியை நீரிலிருந்து கையில் தூக்கிப் பார்த்தால், விறைப்பாக நிமிர்ந்து நின்றால் ஐயுறலாம், துவண்டு கையோடு ஒட்டிக்கொண்டால் நம்பலாம் என்று சொல்வதுண்டு. இது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் முழுச் சோதனை ஆகாது. ஆப்பிரிக்க நாட்டு அனுபியாஸ் விறைப்பாகவே நிற்கும்; நீருக்குள்ளும் ஆண்டுக்கணக்கில் வாழும்.

பட்டினியால் மடிந்த நிலச்செடி நீரில் அழுகத் தொடங்கும்போதுதான் மீனுக்குத் துன்பம் நேர்கின்றது. அழுகலை உண்ணும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள பிராணவாயுவை எடுத்துக்கொள்கின்றன. நீரில் பிராணவாயு எப்பொழுதுமே அரிய பொருள். 20 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீரில் மிகுதியாகப் போனால் 9 மில்லிகிராம் கரைந்திருக்கும். 30 பாகையில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். சித்திரை வெயிலில் நம் கூடத்துத் தொட்டி நீர் 30 பாகையைத் தாண்டுவது வியப்பன்று. இருப்பதே குறைவு, அதிலும் அழுகலோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டுமென்றால் மீன் என்செய்யும்? மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். குழந்தைகள் அதைப் பார்த்து, ‘மீன் நம்மோடு பேசுகிறது’ என்று மகிழ்வர். அது பேச்சன்று, மூச்சுத் திணறல்.

ஆயினும் பழி முழுவதையும் செடியின்மேல் போடுவது முறையாகாது. மீன் தன் செவுள் வழியாக இடைவிடாது அம்மோனியாவைக் கழிவாக வெளிவிடுகின்றது. அம்மோனியா மீனுக்குக் கொடிய நஞ்சு. பழகிய தொட்டியில், மணலிலும் பில்டரிலும் குடியேறியிருக்கும் ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றும். வேறொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான், நைட்ரேட்டோ பெருகாத வரையில் மீன் பொறுத்துக்கொள்ளும். இந்த நுண்ணுயிர்க் குடும்பம் புதுத் தொட்டியில் நிலைபெற நான்கு வாரம் முதல் ஆறு வாரம் வரையில் ஆகும். இவர்களோ முதல் நாளிலேயே ஆறு மீன்களை விட்டிருக்கிறார்கள். தங்கமீனோ நிரம்ப உண்டு நிரம்பக் கழிக்கும் இனம். மூன்றாம் வாரம் என்பது செடியே இல்லாவிட்டாலும் இடர் மிகுந்த வாரம். செடி அழுகியது அதற்கு மேல் ஒரு சுமையாயிற்று.

ஆகவே அந்தப் பையனின் நான்கு மீன்களுக்கு உடனே செய்ய வேண்டியவை சிலவே. அழுகிய செடியை வேரோடும், உதிர்ந்த துணுக்குகளோடும் எடுத்துவிட வேண்டும். நீரில் கால்பங்கை மட்டும் முகந்து கொட்டிவிட்டு, முந்தின நாளே வாயகன்ற வாளியில் பிடித்துவைத்த நீரை ஊற்ற வேண்டும். குழாய்நீரிலுள்ள குளோரின் அதற்குள் பெரும்பாலும் அகன்றுவிடும். ஆற்றங்கரைக் கூழாங்கல்லைத் தேய்ப்பதுபோல் மணலையும் பில்டரையும் சோப்பிட்டுத் தேய்த்துக் கழுவுவோர் உளர். அவ்வாறு செய்தால் இப்பொழுதுதான் குடியேறத் தொடங்கிய நுண்ணுயிர்களும் போய்விடும்; மறுபடியும் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். தீனி ஒரு நாளைக்கு ஒருமுறை, அதுவும் இரண்டு நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே போதும். குழந்தைகள் அன்பு மிகுதியால் வாரி வாரிப் போடும் தீனியால் மடிந்த மீன்கள், பட்டினியால் மடிந்தவற்றைவிடப் பன்மடங்கு மிகுதி என்று நாம் கருதுகின்றோம்.

தொட்டி நீரில் செடியும் மீனும் ஒன்றையொன்று தாங்கி வாழலாம் என்பதை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் இலண்டன் மாநகரத்து வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன். 1849ஆம் ஆண்டில் பெரிய கண்ணாடிக் கலம் ஒன்றில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியாச் செடியையும் அவர் ஒன்றாக வைத்தார். செடி பிராணவாயுவைத் தரும், மீன் கரியமிலவாயுவைத் தரும், நீரை மாற்றவே வேண்டியதில்லை என்பது அவர் கணிப்பு. கணிப்பு சரிதான், ஆனால் சில காலத்தில் பழைய இலைகள் அழுகத் தொடங்கி நீர் கலங்கியது. நம் மடலாசிரியர்க்கு நேர்ந்ததே அவருக்கும் நேர்ந்தது! அவர் குளத்து நத்தைகள் சிலவற்றைப் பிடித்து உள்ளே விட்டார். அவை அழுகிய இலைகளைத் தின்று தீர்த்தன, நீர் தெளிந்தது. 1850இல் இதனை வேதியியல் கழகத்தின் முன் அவர் எடுத்துரைத்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1853இல், இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் பொதுமக்கள் காணும் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் என்பவர் எழுதிய நூலால் ‘அக்வேரியம்’ என்ற சொல்லும், வீட்டில் மீன் வளர்க்கும் ஆசையும் இங்கிலாந்து முழுவதும் பரவின. ஆக, அழுகும் இலையைப் பற்றிய கவலை மீன்தொட்டி பிறந்த நாளிலேயே உடன்பிறந்தது.

இனி நஞ்சைப் பற்றிச் சொல்வோம். செடியின் சாற்றால் மீனை மயக்கிப் பிடிப்பது நம் நாட்டில் மிகப் பழைய வழக்கம். காக்கைக்கொல்லி விதையை இடித்துக் குட்டையில் கரைப்பர். திருகுகள்ளிப் பாலைக் கலப்பர். மீன்கள் மயங்கி வெள்ளை வயிற்றைக் காட்டி மிதக்கும். மைத்துனருக்கு இவ்வழக்கம் நினைவிலிருந்து அச்சத்தை எழுப்பியிருக்கலாம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நஞ்சு நீரில் கரைய வேண்டும், கரைந்து செவுளைச் சேர வேண்டும். அப்பொழுதுதான் மீன் மடியும். இடித்தும் பிழிந்தும் கலக்குவது அதன் பொருட்டே.

மணி பிளாண்டிலும் நஞ்சு உண்டு. அது சேம்புக் குடும்பத்துச் செடி. சேப்பங்கிழங்கை நன்றாக வேகவைக்காமல் உண்டு நாக்கு அரித்தவர்க்கு அந்த நஞ்சு இன்னதென்று தெரியும். சேனைக்கிழங்கைப் புளி சேர்த்துச் சமைக்கும் நம் பாட்டிமாருக்கும் தெரியும். கால்சியம் ஆக்சலேட்டு என்னும் பொருள் ஊசி ஊசியாகத் திரண்டு, இலையின் உயிரணுக்களுக்குள் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருக்கின்றது. கடித்து மென்றால் ஊசிகள் தெறித்து வாயில் தைக்கும். ஆனால் அவை நீரில் கரைவன அல்ல. முழுதாக நிற்கும் வேரிலிருந்து ஊறி வந்து மீனைத் தாக்க அவற்றால் இயலாது. இதற்கு நல்ல சான்று வேறெங்கும் தேட வேண்டியதில்லை: மீன்தொட்டிகளில் நெடுங்காலமாக வளர்க்கப்படும் அனுபியாசும் கிரிப்டோகொரைனும் இதே சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. அவற்றின் நடுவே மீன்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து வாழ்கின்றன.

ஆகவே மணி பிளாண்டின் வேர் தொட்டி நீரில் இருப்பதால் தீங்கில்லை, நன்மையே உண்டு. நுண்ணுயிர்கள் உண்டாக்கிய நைட்ரேட்டையும், ஓரளவு அம்மோனியாவையும் வேர் உணவாக உறிஞ்சிக்கொள்ளும். இலைகள் வெளியே இருப்பதால் கரியமிலவாயுவுக்குப் பஞ்சமில்லை. ஆதலால் நீருக்குள் மூழ்கி வாழும் பல செடிகளைவிட இது விரைந்து வளரும், விரைந்து வளர்வதால் மிகுதியாக உறிஞ்சும். இரவில் நிலைமை இன்னும் சாதகம். செடிகள் ஒளியில் பிராணவாயுவைத் தந்தாலும் இருளில் நம்மைப்போலவே அதை எடுத்துக்கொள்ளும் என்பதை 1779ஆம் ஆண்டிலேயே ஒல்லாந்து நாட்டு மருத்துவர் இங்கென்ஹவுஸ் கண்டறிந்து எழுதினார். நீர்ச்செடிகள் மண்டிய தொட்டியில் விடியற்காலத்தில் மீன்கள் திணறுவது இதனால்தான். மணி பிளாண்டின் இலைகளோ தமக்கு வேண்டியதைக் கூடத்துக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

இந்தக் கொடியைத் திருடி வந்து நட்டால்தான் தழைக்கும் என்றொரு நம்பிக்கை நம் ஊர்களில் உலவுகின்றது. பசிபிக் பெருங்கடலில் உள்ள மோரியா என்ற சிறு தீவைத் தாயகமாகக் கொண்ட அச்செடிக்கு இந்தச் செய்தி எப்படி எட்டிற்றோ தெரியவில்லை! அண்டை வீட்டாரிடம் கேட்டு வாங்கிய கொம்பும் அதே அளவில்தான் தழைக்கின்றது.

வைக்கும் முறையைச் சொல்லுவோம். மண்ணில் வளர்ந்த செடியைப் பிடுங்கி அப்படியே தொட்டியில் வைத்தல் ஆகாது. மண்ணில் பழகிய வேர் நீரில் பெரும்பாலும் அழுகிவிடும்; மண்ணோடு ஒட்டியுள்ள எருவும் உரமும் நீரில் இறங்கும். கணு இரண்டு மூன்று உள்ள கொம்பாக நறுக்கி, கீழ்க்கணுவிலுள்ள இலையை நீக்கி, வெட்டுவாயை ஓடும் நீரில் கழுவி, தனியே ஒரு கண்ணாடிச் சீசாவில் வைக்க வேண்டும். நீரை இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை மாற்றிவந்தால், இரண்டு மூன்று வாரங்களில் வெண்மையான புதுவேர் இறங்கும். இந்த வேர் நீரிலேயே பிறந்தது, நீரில் வாழும். அதன்பின் கொம்பைத் தொட்டியின் விளிம்பில் பொருத்தலாம். துளையிட்ட சிறு பிளாஸ்டிக் கிண்ணத்தில் கூழாங்கல் இட்டு, அதில் கொம்பை நிறுத்தி விளிம்பில் மாட்டுவது எளிது. செம்புக் கம்பியால் கட்டிவிடலாமே என்று தோன்றும், கூடாது. செம்பு நீரில் சிறிதளவு கரைந்தாலும் நத்தைக்கும் இறாலுக்கும் நஞ்சு, மீனுக்கும் நல்லதன்று. இலை எதுவும் நீருக்குள் மூழ்கலாகாது. மூழ்கிய இலை அழுகும். வேர் வெண்மையாகவோ வெளிர் பழுப்பாகவோ உறுதியாக இருந்தால் நலம். கறுத்துக் குழகுழவென்று ஆகிவிட்டால் அந்தப் பகுதியைக் கத்தரித்து எடுத்துவிட வேண்டும். நாளடைவில் வேர்கள் சடைபோல் நீண்டு பில்டரின் வாயில் நுழைந்து மோட்டாரை நிறுத்திவிடும். திங்களுக்கு ஒருமுறை பார்த்துக் கத்தரிப்பது நலம். கொடி மின்விளக்கின் கம்பியைப் பற்றி ஏறவிடுவதும் தவறு. ஈரக் கையால் அதை விலக்கப் போய் நேரும் விபத்து மீனுக்கு நேர்வது அன்று.

தங்கமீன் இலையைக் கடிக்குமே என்று கேட்கலாம். கடிக்கும், வேரின் நுனியையும் கொறிக்கும். வேரைக் கொறிப்பதால் கேடு விளைவதை நாம் கண்டதில்லை. இலையை வெளியே வைத்துவிட்டால் அந்த வினாவுக்கே இடமில்லை.

வேறு எவ்வெச் செடிகளை இவ்வாறு வைக்கலாம்? சிங்கோனியம் மணி பிளாண்டைப் போலவே நடந்துகொள்ளும். நம் மடலாசிரியர் மூழ்கவைத்த டிரசீனாவையே, தண்டின் அடி மட்டும் நீரில் நிற்க, இலைகள் அனைத்தும் மேலே இருக்கும்படி வைத்திருந்தால் அது பல காலம் நின்றிருக்கும். ஆயின் அந்த இனத்தில் சப்போனின் என்னும், நீரில் நுரைக்கும் பொருள் உண்டு. செவுளுக்கு அது ஆகாது. எனவே வெட்டுக்காயத்தோடு கூடிய தண்டையோ, குழையத் தொடங்கிய தண்டையோ வைக்கலாகாது. பீஸ் லில்லி என்று விற்கப்படும் வெள்ளைப்பூச் செடியும் வேரால் நீரில் வாழும். ஸ்பைடர் பிளாண்டின் குட்டிகளும் வேர்விட்டபின் வாழும். அதன் கிழங்கு போன்ற வேர் முழுவதும் மூழ்கினால் அழுகுவது உண்டு. குரோட்டன்சை இதில் சேர்க்க வேண்டா. அது பால் வடியும் குடும்பத்தது.

பால் வடியும் செடிகள் எதனையும் மீன்தொட்டியின் அருகே கொண்டுவராதிருப்பதே அறிவுடைமை. நம் குடும்பங்கள் பலவற்றில் பெயரின் பொருட்டே அன்போடு வளர்க்கப்படும் முள்முடிச் செடி, கிறிஸ்துமஸ் காலத்தில் உச்சி சிவக்கும் பாயின்செட்டியா ஆகிய இரண்டும் கள்ளி இனத்தைச் சேர்ந்தவை. முள்முடிச் செடியின் பால் நீர்நத்தைகளைக் கொல்லும் ஆற்றல் உடையது என்பது ஆராய்ந்து கண்ட உண்மை. முற்றத்தில் அவை அழகாக இருக்கட்டும். அரளியோ மீனுக்கு மட்டுமன்று, மனிதர்க்கும் உயிர்க்கொல்லி. அதன் கிளையைக் கத்தரித்த கையோடு தொட்டியைத் தொடவும் வேண்டா. டீபன்பாக்கியா என்னும் புள்ளியிலைச் செடியைப் பற்றியும் ஒரு சொல். அதுவும் சேம்புக் குடும்பமே. ஆனால் அதன் ஊசிகளின் கடுமை மிகுதி. மென்றவர்க்கு நாக்கு வீங்கிப் பேச்சு நின்றுவிடும் என்பதால்தான் ஆங்கிலத்தில் அதற்கு ஊமைக்கரும்பு என்ற பொருளில் பெயர் வந்தது. தொட்டியைப் பார்க்கத் தவழ்ந்து வரும் குழந்தை வாயில் வைக்கக்கூடிய உயரத்தில் அதனை வைத்தல் பெருந்தவறு. மணி பிளாண்டும் குழந்தையின் வாய்க்கு ஆகாது என்பதையும் நினைவில் கொள்ளுதல் நலம்.

செடியின் நஞ்சைவிட நாம் மிகுதியாக அஞ்சுவது, செடியோடு கடையிலிருந்து வரும் நஞ்சையே. நர்சரியில் பூச்சிமருந்து தெளித்த இலையும் தண்டும் பார்வைக்குத் தூய்மையாகவே இருக்கும். பைரித்திராய்டு வகை மருந்துகள் நமக்குப் பெரிய கேடு செய்யாத அளவிலும் மீனுக்கு உயிர்க்கேடு. புதிதாக வாங்கிய செடியை நேரே தொட்டிக்குக் கொண்டுபோகாமல், சில வாரம் தனியே வளர்த்து, அதன்பின் துளிர்த்த கொம்பை நறுக்கி வேர்பிடிக்க வைப்பதே பாதுகாப்பு. கொசுவுக்காக வீட்டில் நாம் ஏற்றும் சுருளிலும் மின்கருவித் திரவத்திலும் இருப்பது பெரும்பாலும் இதே வகை மருந்துதான். மாலையில் அதை ஏற்றும் வீடுகளில் ஏர்பம்பு அந்தக் காற்றையே இழுத்து நீருக்குள் குமிழியாக விடுகின்றது; மீன்தொட்டி இருக்கும் அறையில் அதைத் தவிர்த்து, வலையைப் பயன்படுத்துதல் நலம்.

மற்றொரு கொடுமையையும் சொல்லாமல் விடலாகாது. 1990களின் இறுதியில் அமெரிக்காவில் ஒரு பொழுதுபோக்குப் பரவியது. பின்னர் நம் அன்பளிப்புக் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது. குறுகிய கழுத்துள்ள கண்ணாடிச் சாடியில் ஒரு ஃபைட்டர் மீன். சாடியின் வாயை அடைத்துக்கொண்டு மேலே ஒரு பீஸ் லில்லி. மீன் வேரைத் தின்று வாழும், செடி மீனின் கழிவைத் தின்று வாழும், தீனியும் போட வேண்டா, நீரும் மாற்ற வேண்டா என்று சொல்லி விற்றனர். கேட்க இனிமையாக இருக்கின்றது. ஆனால் தாய்லாந்து நாட்டுச் சதுப்பு நீர்களைத் தாயகமாகக் கொண்ட ஃபைட்டர் மீன் ஊனுண்ணி. கொசுப்புழுவும் சிறுபூச்சியும் அதன் உணவு. பசி பொறுக்காமல் வேரைக் கடிப்பதை வேண்டுமானால் காணலாம். அதனால் அது வாழாது. மேலும் அம்மீன் செவுளால் மட்டுமன்றி, தலைக்குள் அமைந்த தனி உறுப்பொன்றால் வெளிக்காற்றையும் சுவாசிப்பது. அடிக்கடி மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கியாக வேண்டும். சாடியின் வாயைச் செடியால் அடைத்துவிட்டால் அதற்கும் வழியில்லை. சின்னஞ்சிறு உயிர் ஆதலால் பல வாரம் தாங்கும்; தாங்குவதைக் கண்டு, ‘பார், நன்றாகத்தான் இருக்கிறது’ என்பர். இத்தகைய சாடி அன்பளிப்பாக வந்தால் மறுக்க வேண்டியதில்லை. மீனை அகலமான தொட்டிக்கு மாற்றித் தீனியிட்டு, செடியை ஓரத்தில் மாட்டிவிட்டால் இரண்டும் பிழைக்கும்.

மீன்தொட்டியை வெயில் நேரே விழும் சன்னலருகே வைத்தால் நீர் சூடேறும், பச்சையாகவும் மாறும். செடியின் இலைக்கு நேர்வெயில் வேண்டுவதில்லை. சன்னலுக்கு எதிர்ச்சுவரில் படும் வெளிச்சமே மணி பிளாண்டுக்குப் போதும். 60 சென்டிமீட்டர் நீளமும், 30 அகலமும், 30 உயரமும் உள்ள தொட்டி 54 லிட்டர் கொள்ளும். அத்தகைய தொட்டிக்கு இரண்டு கொம்புகள் போதுமானவை. செடி இருக்கின்றதே என்று நீர் மாற்றுவதை நிறுத்திவிடுதல் ஆகாது. வேர் உறிஞ்சுவது ஒருபகுதியே. வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றும் வழக்கம் தொடரத்தான் வேண்டும். அவ்வாறு முகந்தெடுத்த நீரை வீணாக்க வேண்டா. மீனின் கழிவு கலந்த அந்நீரை ஊற்றினால் தோட்டத்துச் செடிகள் களிப்போடு வளரும்.

கத்தரித்த கொடியையும், பெருகிவிட்ட நீர்ச்செடியையும், வளர்க்க இயலாமற்போன மீனையும் ஊர்க் குளத்தில் விட்டுவிடும் வழக்கம் பலரிடம் உண்டு. பாவம் பிழைத்துப்போகட்டும் என்ற நல்லெண்ணமே அதற்குக் காரணம். தென்னமெரிக்காவிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பூவின் அழகுக்காக வங்காளத்தில் கொண்டுவந்து விடப்பட்டதே, இன்று நம் ஏரிகளையெல்லாம் மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரை. தொட்டியைத் துப்புரவு செய்யும் என்று வாங்கப்பட்டு, பெருத்தபின் வெளியே விடப்பட்ட கவசக் கெளுத்தி மீன்கள் இப்பொழுது ஆற்றிலும் ஏரியிலும் வலையில் சிக்கி, வலையையும் கிழித்து மீனவரை வருத்துகின்றன. வேண்டாத மீனைக் கடைக்கே திருப்பித் தரலாம். பெரும்பாலான கடைக்காரர்கள் விலை தராவிட்டாலும் ஏற்றுக்கொள்கின்றனர். நீர்ச்செடியை வெயிலில் உலர்த்திக் குப்பைக்குழியில் எருவாக்கலாம். கொடியை மண்தொட்டியில் ஊன்றிவிடலாம், கேட்போர்க்குக் கொடுக்கலாம்.

தொட்டியில் நத்தை அளவுமீறிப் பெருகுவதைப் பற்றி வந்துள்ள மடல்களுக்கு அடுத்த இதழில் விடை தருவோம்.